அழ முடியாத பிள்ளை

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் உதாரணம். ரேஷன் கடையிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை இதுதான் நடைமுறை. சத்தம் போடுகிறவருடைய ஃபைல்தான் முதலில் நகரும்.

சரி... அழவே முடியாத பிள்ளை என்ன செய்யும்?

வார்த்தை விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். மூச்சுக்குழாயைச் சீரமைக்கும் ஆபரேஷன் முடிந்து, குழந்தைகளுக்கான ஐ.சி.யூ-வில் படுத்திருக்கும் பிள்ளைகள். வாய் திறக்கும், முகம் கோணும், கண்ணிலிருந்து நீர் வழியும். சத்தம் மட்டும் வராது. மூக்கு வழியாக இறக்கிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று குரல் நாண்களுக்கு நடுவே புகுந்து மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. குரல் நாண்கள் இரண்டும் சேர்ந்து அதிர்ந்தால்தான் குரல். நடுவே குழாய் நிற்கும்போது பிள்ளை எவ்வளவு கதறினாலும் வெளியே கேட்காது. சில பிள்ளைகளுக்கு முகம் கோணக்கூட வழி இருக்காது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை யோசித்துப் பார்க்கலாம். ஒரு வலி வெளியே தெரியவில்லை, பிற்பாடு ஞாபகத்திலும் இருக்கப்போவதில்லை. அப்படியானால் அந்த வலி கணக்கில் வருமா, வராதா?

முதலில் அந்த ஆபரேஷன் எதற்கு என்று பார்த்துவிடுவோம்.

நாலு வயசுப் பையன் ஒருவனை மனசில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். 26 வாரத்தில், கையளவு குழந்தையாகப் பிறந்தவன். நுரையீரல் பக்குவப்படவில்லை. குழாய் போட்டு வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள். இப்படி நாள்கணக்கில் மூக்கு வழியே குழாய் போட்டு வைத்திருக்கலாம் என்று 1965-ல் எழுதியவர்கள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த மக்டொனால்ட், ஸ்டாக்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள். அந்த வழிமுறை உலகம் முழுக்கக் கணக்கில்லாத குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியது. கூடவே ஒரு புதுச் சங்கடத்தையும் கொண்டுவந்தது.

மூச்சுக்குழாயைத் தாங்கி நிற்கும் குருத்தெலும்பு வளையங்கள் குதிரை லாடம் மாதிரி, பின்பக்கம் திறந்திருக்கும். குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே உள்ள ஒன்று மட்டும் மோதிரம் போல முழு வட்டம். மோதிரம் விரிந்து கொடுக்காது. உள்ளே குழாய் உரசி வீங்கினால் வீக்கம் உள்பக்கமாகத்தான் வளரும். பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தில் விட்டம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2 மில்லிமீட்டர். பாதை நாலில் ஒரு பங்காகிவிடும். காற்று போவதற்கான தடை கணக்குப்படி 16 மடங்கு கூடிவிடும். பெரியவர்களுக்கு அதே 1 மில்லிமீட்டர் வீங்கினால் தொண்டை கட்டியிருக்கிறது என்று பாலில் மிளகுத்தூள் போட்டுக் குடித்துவிட்டு ஆபீஸ் போய்விடுவோம்.

சில குழந்தைகளுக்கு அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, அப்படியே சுருங்கிவிடுகிறது. காப்பாற்றிய குழாயே விட்டுப்போன தழும்பு. நம் பையனுக்கும் அதுதான் நடந்தது. கழுத்தில் துளை போட்டு, அதில் ஒரு சின்னக் குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் நாலு வருஷமாக மூச்சு. பேச்சு சரியாக வராது. தண்ணீர்ப் பக்கம் விட முடியாது. சளி அடைத்தால் உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின். ராத்திரியில் வீட்டில் யாராவது ஒருவர் அரைத் தூக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இதற்குத்தான் அந்த ஆபரேஷன். 1970-களில் டொராண்டோவில் இருந்த பிளேர் ஃபியரன், ராபின் காட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் குழந்தைகளுக்கு மூச்சுப்பாதையை அகலப்படுத்திய அனுபவத்தை எழுதினார்கள். காட்டன் பிறகு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக்குப் போய் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையை இந்தச் சிகிச்சைக்குப் பெயர்போன இடமாக்கினார். இன்று இந்தியாவிலும் பெரிய மருத்துவமனைகளில் இது நடக்கிறது. விலா எலும்பிலிருந்து ஒரு துண்டு குருத்தெலும்பை எடுத்து, படகு மாதிரி செதுக்கி, சுருங்கிய இடத்தைப் பிளந்து அதற்குள் பொருத்தித் தைக்கிறார்கள். சட்டை இறுகிவிட்டால் பக்கத்தைப் பிரித்து ஒட்டுத்துணி வைப்போமே, கிட்டத்தட்ட அதே வேலை. தையற்காரர் மட்டும் மில்லிமீட்டரில் வேலை செய்கிறார்.

ஆபரேஷனோடு கதை முடிவதில்லை. கான்கிரீட் தளம் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் என்ன ஆகும்? இங்கே சென்ட்ரிங், மூக்கு வழியாகப் போட்ட அந்தக் குழாய். புதுச் சுவர் கூடும்வரை, சில நாட்களிலிருந்து ஒன்றிரண்டு வாரம் வரை, அது அசையாமல் இருக்க வேண்டும். பையன் தலையைத் திருப்பிக் குழாயை இழுத்துவிட்டால் மூச்சுப்பாதை அந்த நிமிஷமே ஆபத்தில். திரும்பப் போடுவதென்றால் பச்சைத் தையல் மேல் போட வேண்டும்.

நாலு வயசுப் பிள்ளையிடம், ‘‘கண்ணா, பத்து நாள் அசையாம படுத்திரு’’ என்றால் நடக்குமா? அதனால் தூக்க மருந்து, வலி மருந்து எல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அதுவும் போதாத சமயத்தில் தசைகளை இயங்கவிடாமல் செய்யும் மருந்தும் சேர்கிறது. விரல் அசையாது, இமை அசையாது, முகம் கோணாது. முன்னால் சொன்னேனே, முகம் கோணக்கூட முடியாத பிள்ளை... இவன்தான்.

பார்க்க வருகிற மாமா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ‘‘நல்லா தூங்குறான் புள்ள. நீ கொஞ்சம் போய்ச் சாப்பிடும்மா’’ என்று தங்கையைத் தேற்றுவார். அவர்மேல் தப்பில்லை. அசையாமல் இருப்பது தூக்கம் என்றுதான் நம் கண்ணுக்குப் பழக்கம்.

அந்தக் கண் ஏமாந்த சரித்திரம் ஒன்று உண்டு. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய விஷம் க்யூராரே. தசைகளை இயங்கவிடாமல் செய்யும். 1942-ல் இதை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். கொடுத்ததும் நோயாளி அசைவதில்லை, முனகுவதில்லை. ஒருவேளை இது மயக்கமும் கொடுக்கிறதோ, வலியும் தெரியாதோ என்று சிலருக்கு எண்ணம் வந்தது. ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க டாக்டர், ‘என் உடம்பிலேயே பார்த்துவிடலாம்’ என்று படுத்துக்கொண்டார். மயக்க மருந்து எதுவும் இல்லாமல், மூச்சுகூடத் தானாக விட முடியாத அளவுக்கு அந்த மருந்தை ஏற்றிக்கொண்டார். செயற்கையாகத்தான் மூச்சு கொடுத்தார்கள். மருந்து தெளிந்ததும் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். நினைவு முழுசாக இருந்தது. வலியும் உறைத்தது. எச்சிலை விழுங்க முடியாமல் திணறியதும் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அமைதியான ஓர் உடம்பு. 1947-ல் அந்த ஆய்வு வெளியானது.

அதோடு உலகம் திருந்தியிருக்க வேண்டும். பெரியவர்கள் விஷயத்தில் திருந்தியது. பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் 40 வருஷம் ஆனது.

1980-கள் வரைக்கும்கூடப் பல நாடுகளில், பிறந்த குழந்தைகளுக்கு, முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு, மிகக் குறைந்த மயக்க மருந்தோடு, சில சமயம் தசையை முடக்கும் மருந்தை மட்டுமே நம்பி ஆபரேஷன் செய்தார்கள். 1985-ல் வாஷிங்டனில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதய ஆபரேஷன் அப்படித்தான் நடந்தது. குழந்தை பிழைக்கவில்லை. பின்னால் மருத்துவக் குறிப்புகளைப் படித்த தாய்க்கு விஷயம் தெரிந்து, அவர் ஊரைக் கூட்டி நியாயம் கேட்டார். அந்த டாக்டர்கள் ராட்சசர்கள் இல்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு நிஜமான பயம் இருந்தது. அந்தக் காலத்து மயக்க மருந்தே பிஞ்சு உயிரைக் கொண்டுபோய்விடலாம். ஆனால், அந்தப் பயத்துக்குப் பக்கபலமாக இரண்டு நம்பிக்கைகள் நின்றன. ஒன்று, ‘நரம்பு முற்றாத குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது.’ இன்னொன்று, ‘தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது.’

முதல் நம்பிக்கையை உடைத்தவர் இந்தியாவில் படித்து, ரோட்ஸ் ஸ்காலராக ஆக்ஸ்ஃபோர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த். தியேட்டரிலிருந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகள் மோசமான நிலையில் வருவதைப் பார்த்து, ஏன் என்று தேடினார். குழந்தை சொல்லாததை அதன் ரத்தம் சொன்னது. வலியின்போது சுரக்கும் ஹார்மோன்கள் தாறுமாறாக எகிறியிருந்தன. வலி நீக்கும் ஃபென்டனில் மருந்தை ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, அந்த எகிறலும் குறைந்தது, ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. 1987-ல் ‘லான்செட்’ இதழில் இது வந்தது. அதே வருஷம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி, குழந்தை சின்னது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மயக்க மருந்தை மறுக்கக் கூடாது என்று அறிக்கை விட்டது. 1987... ரொம்பப் பழங்காலம் இல்லை. இதைப் படிக்கும் பலர் அதற்கு முன்னால் பிறந்தவர்கள்தான்.

முதல் நம்பிக்கை போனது. இரண்டாவது இன்னும் நம் வீடுகளில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

‘‘குழந்தைதானே, மறந்துடும்.’’

இதைச் சொல்லாத வீடு உண்டா? தடுப்பூசி போடும்போது சொல்கிறோம். காது குத்தும்போது சொல்கிறோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆசாரி ஊசியை எடுக்க, பிள்ளை வீறிட, சுற்றி நிற்கிற கூட்டம் சிரித்துக்கொண்டே, ‘‘அவ்ளோதான், அவ்ளோதான்’’ என்கிறது. ஆனால், அதே சடங்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மடி எதற்கு? வாயில் வைக்கிற சர்க்கரை எதற்கு? மறந்துவிடும் என்று முழுசாக நம்பியிருந்தால் இரண்டுமே தேவையில்லை. சின்னக் குழந்தைக்கு ஊசி போடுவதற்கு முன்னால் நாக்கில் சர்க்கரைக் கரைசல் சில துளி விட்டால் வலிக்கான அறிகுறிகள் குறைகின்றன என்று இன்றைய மருத்துவம் ஒப்புக்கொண்டு, பல மருத்துவமனைகளில் அப்படியே செய்கிறார்கள். வாய் ஒன்று சொன்னாலும், கை சர்க்கரையைத் தேடி எடுத்திருக்கிறது.

உடம்பு மறக்கிறதா என்பதே சந்தேகம்தான். 1997-ல் டொராண்டோவைச் சேர்ந்த அன்னா டாடியோ குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறந்த சில நாட்களில் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், செய்யப்படாதவர்களைவிட, நாலாவது ஆறாவது மாதத் தடுப்பூசியின்போது அதிகமாக வலியைக் காட்டினார்கள். சுன்னத்தின்போது மரத்துப்போகும் களிம்பு தடவப்பட்டவர்களிடம் அது குறைவாக இருந்தது. மனசுக்கு ஞாபகம் இருக்காது. நரம்பு எங்கேயோ எழுதிவைத்திருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, இந்த ஆய்வே இல்லை என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சுவடும் இல்லாமல் மறந்துவிடும் என்றே இருக்கட்டும். அப்போது பரவாயில்லையா?

அறிவுக்கு எட்டிய வரையில் இப்படி யோசிக்கலாம். பல் பிடுங்கப் போகிறீர்கள். டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். முதல் வழி, வலியே இல்லாமல் பிடுங்குவது. இரண்டாவது வழி, அரை மணி நேரம் துடிக்கத் துடிக்கப் பிடுங்கிவிட்டு, கடைசியில் ஒரு ஊசி போட்டு அந்த அரை மணியை ஞாபகத்திலிருந்து அழித்துவிடுவது. வீட்டுக்குப் போகும்போது இரண்டு வழியிலும் நீங்கள் ஒரே மாதிரிதான் போவீர்கள். ‘‘ரெண்டும் ஒண்ணுதான், எது மலிவோ அதைப் பண்ணுங்க’’ என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். அந்த நாற்காலியில் அரை மணி நேரம் துடிக்கப்போகிறவரும் நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். வலி நடக்கிற இடம் நிகழ்காலம். நாளைக்கு அழித்தாலும், இன்று மூன்றரை மணிக்கு ஒருவர் துடித்தார் என்பது நடந்த விஷயம்தான்.

ஐ.சி.யூ-வில் ஞாபகத்தை மழுங்கவைக்கும் மருந்துகளும் கொடுக்கிறார்கள். மிடாஸோலம் அப்படிப்பட்டது. அது ஒரு கருணை. அந்தப் பத்து நாளை நம் பையன் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டாமே என்கிற கருணை. ஆனால், அதையே சாக்காக வைத்து, வலி மருந்தில் கஞ்சத்தனம் காட்டினால் கருணை கணக்குப்புத்தகமாகிவிடும்.

‘அப்படியானால் நிறைய மருந்து கொடுத்து ஆழ்த்திவிட வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இந்த மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. நாள்கணக்கில் அசையாமல் கிடந்த உடம்பு பலம் இழக்கிறது. வலி மருந்துக்கும் தூக்க மருந்துக்கும் உடம்பு பழகிப்போகிறது. குறைக்கும்போது பையன் வியர்க்கிறான், நடுங்குகிறான், தூங்க மாட்டேன் என்கிறான், வயிற்றால் போகிறது. ‘‘என் புள்ளைய போதைக்கு அடிமையாக்கிட்டீங்களா?’’ என்று பதறுகிற தாய்க்கு, ‘‘அது வேற, இது வேறம்மா. உடம்பு பழகிடுச்சு. படிப்படியா குறைச்சா சரியாயிடும்’’ என்று டாக்டர் விளக்க வேண்டியிருக்கும். சில பிள்ளைகள் சித்தம் தடுமாறி, இல்லாததைப் பார்க்கின்றன, பெற்றவளையே யாரோ என்று வெறிக்கின்றன. 2017-ல் வெளியான, பல நாடுகளின் குழந்தைகள் ஐ.சி.யூ-க்களில் எடுத்த ஒரு கணக்கு, ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் இருப்பதாகச் சொன்னது.

குறைத்தால் வலி. கூட்டினால் வேறு துன்பம். நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு பிள்ளைக்குப் பிள்ளை, மணிக்கு மணி மாறும். சொல்ல வேண்டியவன் பேச முடியாமல் கிடக்கிறான்.

வலியை மதிப்பிட மருத்துவத்தில் அளவுகோல் உண்டு. 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் உருவான ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறானா என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். மொத்தம் 10. நல்ல கருவிதான். ஆனால், தசைகள் முடக்கப்பட்ட நம் பையனிடம் அதை வைத்துப் பாருங்கள். முகம் 0. கால் 0. அசைவு 0. அழுகை 0. தேற்றவே வேண்டியதில்லை, அதனால் அதுவும் 0. உள்ளே எரிமலை வெடித்தாலும் மொத்தம் பூஜ்யம்தான். அழுத பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அளவுகோல் அது. அழ முடியாத பிள்ளைக்கு அது பொருந்தாது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

பிறகு என்னதான் செய்கிறார்கள்? நல்ல ஐ.சி.யூ-வில் நர்ஸ் வேறு மொழியில் படிக்கிறார். இதயத்துடிப்பு திடீரென்று ஏன் 30 கூடியது? ரத்த அழுத்தம் ஏன் ஏறியது? நெற்றி ஏன் வியர்த்திருக்கிறது? மூடிய கண்ணோரம் ஈரம் ஏன்? முடக்கும் மருந்து கண்ணீரை நிறுத்துவதில்லை. அதோடு, முடக்கும் மருந்தை அவ்வப்போது நிறுத்திவைத்து, பையன் அசைய ஆரம்பிக்கும்போது வலியில் அசைகிறானா, தூக்கத்தில் அசைகிறானா என்று பார்க்கிறார்கள். இதற்கு ஆஸ்பத்திரி பாஷையில் ‘டிரக் ஹாலிடே’ என்று பெயர். மருந்துக்கு லீவு! பிள்ளை வாய் திறந்து, இல்லை, விரல் திறந்து முறையிட ஒரு மனு நாள் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

சில மையங்களில், சொன்னால் புரிந்துகொள்ளும் வயசுப் பிள்ளைகளைக் குழாயோடு முழித்திருக்கவே விடுகிறார்கள். கார்ட்டூன் பார்க்கவிட்டு, படம் வரையவிட்டு, பெற்றவர்களைப் பக்கத்திலேயே உட்காரவைத்து. மருந்து குறைகிறது, ஆள் தேவை கூடுகிறது. இன்னொரு வழி, கழுத்துத் துளையை அப்படியே விட்டுவைத்து, உள்ளே ஒரு தாங்கியை மட்டும் வைத்துச் செய்வது. பிள்ளையை இப்படி ஆழ்த்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால், துளை மூட இன்னும் வாரங்களோ மாதங்களோ ஆகும். எது சரி என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரே மாதிரி இருக்கிற விஷயம் ஒன்றுதான். மருந்து குறைகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனிதர் கூடுதலாகத் தேவைப்படுகிறார்.

இந்தச் சங்கடத்திலிருந்து எனக்குத் தோன்றுவது இது. தன் வலியைச் சொல்ல முடிந்தவர் விஷயத்தில் பாதி வேலையை அவரே செய்துவிடுகிறார். நாம் காது கொடுத்தால் போதும். சொல்ல முடியாதவர் விஷயத்தில் முழு வேலையும் நம் தலையில். தேடிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால், வலி இருக்கிறது என்ற பக்கமே சாய வேண்டும். ஏனென்றால், இல்லாத வலியை இருப்பதாக நினைத்தால் செய்த தவறைக் கவனித்துத் திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. இருக்கிற வலியை இல்லை என்று நினைத்துவிட்டால் அந்தத் தவறைச் சுட்டிக்காட்ட யாருமே இருக்க மாட்டார்கள்.

இது ஐ.சி.யூ-வுக்கு மட்டுமான நியாயம் இல்லை. மறதி நோய் வந்த பாட்டியிடம் எரிந்து விழுந்துவிட்டு, ‘‘அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாங்க’’ என்கிறோம். அந்த ஐந்து நிமிஷம் பாட்டிக்கு எப்படி இருந்தது? பக்கவாதத்தில் பேச்சு போன தாத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவருடைய வைத்தியச் செலவைச் சத்தமாகக் கணக்குப் போடுகிறோம். அவர் மறுத்துப் பேசவில்லை என்பதால் கேட்கவில்லை என்று அர்த்தமா?

உங்களுக்குத் தெரிந்த யாருடைய பிள்ளையாவது இப்படி ஐ.சி.யூ-வில் இருக்க நேர்ந்தால், பெற்றவர்களிடம் டாக்டரை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ‘‘வலியை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீங்க? மருந்தை எப்படிக் குறைக்கப்போறீங்க? நாங்க எவ்வளவு நேரம் பக்கத்துல இருக்கலாம்?’’ மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். அனுமதி கிடைத்தால், பிள்ளையின் காதோரம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். தெருவில் நாய் குட்டி போட்டதை, பக்கத்து வீட்டு மாமரம் பூத்ததை, எதையாவது. தொடுவதற்கு முன்னால், ‘‘அம்மா கையைத் தொடுறேன்டா’’ என்று சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

அவனுக்குக் கேட்குமா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கும் என்று எண்ணித்தான் பேச வேண்டும்.